மலைக் காற்றும் மழைத் தண்ணீரும் முதலாகுமா?

போன மே மாதம், பெருமழை தொடங்கிய கிழமையில், ஒரு பையன் என் கடை வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு ஷொப்பிங் பை. உள்ளே ஈரப் பாசி. பாசிக்கு நடுவே சிவப்பு மயிர் முளைத்த சின்னஞ்சிறு செடிகள், இருபது முப்பது இருக்கும். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசை ஒரு துளி, பனி போல மினுங்கிக்கொண்டிருந்தது.

"மொதலாளி, நீங்க பூச்சி தின்னுற செடி வளக்குறீங்கன்னு சொன்னாங்க. இது சமவெளிப் பக்கம் எடுத்தது. மொத்தமா எடுத்தீங்கன்னா கொறச்சுத் தாறேன்" என்றான்.

ஹோர்ட்டன் சமவெளியைத்தான் சொல்கிறான். அவன் கேட்ட விலையும் மிகக் குறைவு. பக்கத்தில் நின்ற என் மருமகன் என் முகத்தைப் பார்த்தான். வாங்கிப் போட்டால் நாளைக்கே கொழும்புக்கு அனுப்பிக் காசாக்கலாம் என்று அவன் மனம் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. எனக்கும் அந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. பையனுக்குத் தேநீர் கொடுத்து, செடியை வாங்காமல் அனுப்பினேன். அன்றிரவு மருமகனோடு பெரிய வாக்குவாதம். அதன் பிறகுதான் இந்தத் தொழிலைப் பற்றி வியாபார வாசகர்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

வட்டகொடை, தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில் உள்ள சிறிய ரயில் நிலையம். அதை ஒட்டி ஒரு கடைத்தெரு. எங்கள் கடைகளின் ஏற்ற இறக்கம் தோட்டத்துச் சம்பள நாளைப் பார்த்தே இருக்கும். தோட்டத்தில் காசு புழங்கினால் கடையில் காசு புழங்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், கொழுந்து குறைந்தது. 2022இல் ரூபாய் விழுந்தது. சாமான் விலை ஏறியது. கடன் கொப்பி தடித்தது. ஒரே தொழிலை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த இரண்டு வருடங்களில் என்னைப் போன்ற சில்லறை வியாபாரிகள் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு சிறு தொழில் இருந்தால் நல்லது, அதுவும் கடையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பே, 2019இல், மருமகன் கொழும்பிலிருந்து ஒரு தொட்டியை வாங்கி வந்து வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டிருந்தான். இலை நுனியிலிருந்து ஒரு கொடி நீண்டு, அதன் முனையில் மூடி வைத்த சிறிய குடுவை. குடுவைச் செடி என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததுதான். நெப்பந்திஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். வீட்டில் எல்லோருக்கும் வேடிக்கை. எனக்கு மட்டும் வேறு ஒன்று உறைத்தது. கொழும்பில் இருந்தபோது மூன்று குடுவையோடு வந்த செடி, எங்கள் வீட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் பதினொரு குடுவை விட்டது. நாங்கள் எந்தப் பராமரிப்பும் செய்யவில்லை.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் செடிகளில் நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. போர்னியோ, சுமாத்ரா, பிலிப்பைன்ஸ் பகுதிகளில்தான் அதிகம். வளர்ப்பவர்கள் அவற்றை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டருக்குக் கீழே வளர்வது தாழ்நிலச் செடி, அதற்கு மேலே வளர்வது மேட்டுநிலச் செடி. மேட்டுநிலச் செடிக்குப் பகலில் இருபது, இருபத்தைந்து பாகை வெப்பம், இரவில் பத்து முதல் பதினைந்து பாகைக் குளிர், எந்நேரமும் காற்றில் ஈரம் இவை வேண்டும். ஐரோப்பாவில் இதை வளர்ப்பவன் குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டைச் சூடாக்கக் காசு கொடுக்கிறான். வெப்பமான நகரங்களில் இருப்பவன் இரவில் குளிரூட்டக் காசு கொடுக்கிறான். நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கும் நமக்கு அது இரண்டும் சும்மா கிடைக்கிறது. ஒரு தொழிலில் மற்றவன் மாதாமாதம் கட்டும் பெரிய செலவு நமக்கு இல்லை என்றால், அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் வியாபாரி நினைக்க வேண்டும்.

செடி பூச்சியைப் பிடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், கடைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கும். விளிம்பு ஈரமானால் சோப்புப் போட்ட சீமெந்துத் தரை போல வழுக்கும். எறும்பு உள்ளே விழும். உட்சுவரில் ஏற முடியாது. அடியில் உள்ள நீர் அதைக் கரைத்துவிடும். மேலே உள்ள மூடி ஆடாது, அசையாது. பூச்சி விழுந்ததும் மூடிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. மழை உள்ளே நிறையாமல் அது குடை பிடிக்கிறது, அவ்வளவுதான். இந்தச் செடிகள் சத்தில்லாத மண்ணில் வளர்பவை. மண்ணில் கிடைக்காத நைதரசனைப் பூச்சியிலிருந்து எடுக்கின்றன. ஆகவே வேருக்கு உரம் போட்டால் செத்துப்போகும். 2021இல் நாடே உரத்துக்கு அலைந்தபோது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மட்டும் அந்தக் கவலை இல்லை.

இது வெளிநாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுக்கே உரிய ஓர் இனம் உண்டு. சிங்களத்தில் பாந்துரா வெல் என்பார்கள். களுத்துறை, இரத்தினபுரி, காலிப் பக்கத்து ஈர வலயத்தில், தண்ணீர் தேங்கும் திறந்த பற்றைக் காடுகளில் படர்வது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். லின்னேயஸ் 1753இல் நெப்பந்திஸ் டிஸ்டில்லேட்டோரியா என்று பெயரிட்டுப் பதிந்தது நம் இலங்கைச் செடியைத்தான். பிறகு விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்துச் செல்வந்தர்களுக்குக் குடுவைச் செடிப் பைத்தியம் பிடித்தது. செல்சியில் வீச் என்ற நாற்றுக் கம்பனி ஆட்களைக் கப்பலேற்றிப் போர்னியோவுக்கு அனுப்பிச் செடி கொண்டுவந்து விற்றது. நிலக்கரி எரித்துக் கண்ணாடி வீடுகளைச் சூடாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உலகப் போரோடு, அந்தச் செலவைத் தாங்க ஆளில்லாமல் அந்த மோகம் அடங்கிவிட்டது.

நம் காலத்தில் அந்தச் சந்தைக்கு இலங்கையிலிருந்தே செடி போயிருக்கிறது. ரொபர்ட் கான்ட்லியும் டயானா வில்லியம்ஸும் இங்கே நடத்திய போர்னியோ எக்சோட்டிக்ஸ் என்ற நாற்றுப் பண்ணை, உலகம் முழுதும் சேகரிப்பாளர்களுக்குக் குடுவைச் செடி அனுப்பியது. லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் தங்கப் பதக்கங்கள் பெற்றது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவைச் சேர்ந்த ஓர் இனத்துக்கு 2011இல் கியூ தாவரவியல் பூங்காவின் மார்ட்டின் சீக், கான்ட்லியின் பெயரையே வைத்து நெப்பந்திஸ் ராப்கான்ட்லீ என்று விவரித்தார். மருமகன் இதைக் கேட்டதிலிருந்து நிலத்தில் நடக்கவில்லை. "மாமா, நம்ம நாட்டுல ஒருத்தர் செஞ்சி காட்டிட்டார். நாம ஏன் செய்ய ஏலாது?" என்று தினமும் ஒரே பேச்சு.

செய்யலாம். ஆனால் அங்கே விற்றது காட்டில் பிடுங்கிய செடியல்ல. விதையிலும் ஆய்வுகூடத் திசு வளர்ப்பிலும் உண்டாக்கிய செடி. அதற்குப் பின்னால் பல வருட உழைப்பும் பெரிய முதலும் இருந்தன. இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். திசு வளர்ப்பு வந்த பிறகு, ஒரு காலத்தில் பணக்காரர் மட்டும் வாங்கிய இனங்கள் சாதாரணமானவர் கைக்கும் வந்தன. ஒல்லாந்தில் பெரிய பண்ணைகள் சாதாரணக் கலப்பினங்களை இலட்சக்கணக்கில் உண்டாக்கி சுப்பர் மார்க்கெட்டில் வைத்துவிட்டன. அவர்களோடு விலையில் போட்டி போட நம்மால் முடியாது. நமக்குள்ள சந்தை கண்டி, நுவரெலியா, கொழும்பு. அங்கே உயிரோடும் கறுக்காத இலையோடும் வரும் செடிக்கு ஆள் உண்டு.

நான் செய்த பிழைகளைச் சொல்கிறேன், கேட்பவருக்காவது மிச்சமாகட்டும். முதலில் வெட்டிய ஆறு துண்டுகளைத் தோட்டத்துக் குப்பை உரம் கலந்த மண்ணில் நட்டேன். ஆறும் கறுத்துப்போயின. அடுத்து தும்புத்தூளில் நட்டேன். அது நல்லதுதான், ஆனால் தும்பில் உப்பு இருக்கும். பல தடவை கழுவிய பிறகே பாவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அதிலும் பாதி போயிற்று. இப்போது கழுவிய தும்புத்தூளோடு பெர்லைட்டும், வெளிநாட்டிலிருந்து காய்ந்து வரும் ஸ்பாக்னம் பாசி கொஞ்சமும் கலக்கிறேன். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் சிறிய கருவி ஒன்று வாங்கினேன். ஐம்பதுக்குக் கீழே காட்டினால் இந்தச் செடிகளுக்குப் பயமில்லை. மழைத் தண்ணீர் பத்தைத் தாண்டவில்லை. எங்கள் பீலித் தண்ணீரும் ஐம்பதுக்குள்தான். கொழும்புக்காரர்கள் போத்தலில் வாங்கி ஊற்றும் சுத்தத் தண்ணீர் நமக்கு மலையிலிருந்து தானாக வருகிறது.

ஆரம்பிக்கிறவர்கள் வென்ட்ராட்டா என்ற கலப்பினத்தில் ஆரம்பிப்பது நல்லது. குளிரையும் வெயிலையும் ஓரளவு தாங்கும். கொடியை இரண்டு கணுவுக்கு ஒரு துண்டாக வெட்டி நட்டால் இரண்டு மாதத்தில் வேர் விடும். விதையில் இறங்குவது வேறு கதை. இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். விதை மயிர் போல இருக்கும். அதிக நாள் வைத்திருக்க முடியாது. முளைத்தாலும் விற்கும் பருவத்துக்கு வர மூன்று வருடத்துக்கு மேல் போகும். மூன்று வருடம் முதலை முடக்க எந்தச் சில்லறைக் கடைக்காரனுக்கு வசதி இருக்கிறது?

எல்லோரும் கேட்கும் வீனஸ் பூச்சிப்பொறிச் செடியில் நான் கை வைக்கவில்லை. அமெரிக்காவில் வட, தென் கரோலினா மாநிலங்களில் மட்டும் இயற்கையாக வளர்வது அது. வருடத்தில் மூன்று நான்கு மாதம் நல்ல குளிரில் உறங்க வேண்டும். நம் மலைக் குளிர் அந்த உறக்கத்துக்குப் போதாது. இரண்டு வருடத்தில் இளைத்துவிடும். செத்துப்போகும் என்று தெரிந்த சாமானை விற்பது வியாபாரமல்ல.

இனி காற்றுச் செடி. டில்லாண்ட்சியா என்பார்கள். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம். மரக்கட்டையிலோ சிப்பியிலோ ஒட்டி வைத்தால் இலை வழியே ஈரத்தைக் குடிக்கும். பழைய துரை பங்களாக்களில் மரத்திலிருந்து நரைத்த தாடி போலத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் ஒரு டில்லாண்ட்சியாதான். குவாத்தமாலா நாடு இதைப் பெரிய ஏற்றுமதித் தொழிலாகவே நடத்துகிறது. பாரமில்லை, மண்ணில்லை, பெட்டியில் அடுக்கி அனுப்பலாம். பூத்து முடிந்ததும் தாய் மெல்ல அழியும், அதற்குள் பக்கக் குட்டிகள் விடும். அதைப் பிரித்து விற்கலாம். கேட்டவுடன் எனக்கு நாவூறியது. 2023இல் நாற்பது குட்டிகள் வாங்கினேன். என் கடையிலேயே இருந்த மெல்லிய செம்புக் கம்பியால் ஒவ்வொன்றையும் மரத்துண்டில் அழகாகக் கட்டினேன். புதுத் தகரக் கூரையிலிருந்து வழியும் மழையைப் பீப்பாயில் பிடித்து, அதில் முக்கி எடுத்தேன்.

ஒன்றரை மாதத்தில் நடுக்குருத்து கையோடு வந்தது. இருபத்தாறு போய்விட்டது.

மழையால் அழுகியது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குச் செம்பு நஞ்சு. நாகமும் ஆகாது. நாகம் பூசிய புதுத் தகரத்தில் விழும் மழை, நாகத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நானே இரண்டு நஞ்சையும் விலை கொடுத்து வாங்கி ஊட்டியிருக்கிறேன். மலையகத்தில் இந்தத் தொழில் செய்ய நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் வீடும் லயமும் தகரக் கூரை. சுற்றிவரத் தேயிலை. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் செம்பு கலந்த மருந்தைத்தான் தேயிலைக்குத் தெளித்து வந்திருக்கிறார்கள். காற்று நம் பக்கம் அடித்தால் அந்தப் புகார் செடிமேல் வந்து படியும். இப்போது என் காற்றுச் செடிகள் பொலித்தீன் கூரைக்குக் கீழே, தேயிலை மலைக்கு எதிர்ப்பக்கத்தில், மீன்பிடி நூலால் கட்டப்பட்டு இருக்கின்றன. முக்கி எடுத்தால் தலைகீழாக உதறி, நாலு மணித்தியாலத்துக்குள் காயும்படி காற்றில் வைக்கிறேன். ஜூன், ஜூலையில் மூடுபனி போதும், முக்கவே வேண்டாம். மிஞ்சிய பதினான்கும் இன்று குட்டி போட்டு நிற்கின்றன.

விற்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. "நானா, இது நுளம்பைத் தின்னுமா?" என்று கேட்காதவர் இல்லை. தின்னாது என்றே சொல்கிறேன். எறும்பும் இலையானும் விழும். நுளம்புத் தொல்லை இதனால் தீராது. அதுமட்டுமல்ல, பனித்துளிச் செடியைத் தட்டில் தண்ணீர் வைத்து வளர்ப்பார்கள். அந்தத் தட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவாவிட்டால் நுளம்புப் பண்ணையாகிவிடும். டெங்குப் பரிசோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் செடி அழகைப் பார்த்துவிட்டுப் போகமாட்டார். இதையெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியில் அச்சடித்து ஒவ்வொரு செடியோடும் கொடுக்கிறேன். மேட்டுநிலச் செடியைக் கொழும்பு வெக்கைக்கு விற்பதில்லை. ஒருவர் காசை நீட்டியும் கொடுக்கவில்லை. மருமகனுக்கு அதிலும் கோபம். மூன்று மாதம் கழித்து அதே ஆள் தாழ்நிலத்துக்கு ஏற்றதாக இரண்டு வாங்கிப் போனார்.

இனி அந்தப் பையனின் பைக்கு வருகிறேன். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அங்கே ஒரு செடியைப் பிடுங்கினாலும் குற்றம். அந்தச் செடியை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? களவுச் சாமான் வாங்கிய கடைக்காரன் நிலைதான். குடுவைச் செடிகளின் எல்லா இனமும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளன. இலங்கை 1979இல் அதில் சேர்ந்தது. நாற்றுமேடையில் வளர்த்த செடியானாலும் நாட்டுக்கு வெளியே அனுப்ப வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பத்திரம் வேண்டும். அதோடு தாவரத் தடுப்புக்காப்புச் சேவையின் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். வெளியிலிருந்து தாய்ச்செடி கொண்டுவருவதானால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி எடுக்க வேண்டும். வட கரோலினாவில் வீனஸ் செடியைக் காட்டில் திருடுவதை 2014 டிசம்பர் முதல் பெருங்குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள். எந்தத் தாயிடமிருந்து, எந்தத் தேதியில் வெட்டியது என்று ஒவ்வொரு செடிக்கும் கொப்பியில் ஓர் இலக்கம் எழுதுகிறேன். கடைக் கொப்பி எழுதிப் பழகிய நமக்கு இது சிரமமல்ல. நாளைக்கு ஓர் ஏற்றுமதிக்காரர் என்னிடம் செடி கேட்டால், செடிக்கு முன்னால் அந்தக் கொப்பியைத்தான் கேட்பார்.

சட்டத்தை விட்டாலும் கணக்கு சரிவராது. பிடுங்கிய செடியின் வேர் அறுந்திருக்கும். வாங்கியவர் வீட்டில் இரண்டு மாதத்தில் கருகும். கருகியதைக் கொண்டுவந்து அவர் நம் கடை மேசையில் வைப்பார்.

அன்றிரவு மருமகன் கேட்டது இதுதான்: கடை முதலிலிருந்து பெரிய தொகையை எடுத்துப் பொலித்தீன் வீடு அடிப்போம், வெளிநாட்டிலிருந்து அரிய இனங்களை இறக்குவோம். அவன் ஆசையில் பிழையில்லை. இருபத்தாறு காற்றுச் செடியைக் குப்பையில் கொட்டிய கை என்னுடையது, ஆகவே நான் பயப்படுவதிலும் பிழையில்லை. கடைசியில் மகள்தான் பேச்சை முடித்தாள். கடைக் காசில் கை வைப்பதில்லை. சீட்டு விழுந்ததும் அந்தக் காசில் மட்டும் ஒரு மேடை. செடி விற்று வரும் பணம் இரண்டு வருடத்துக்குச் செடிக்கே போகும். அரிய இனம் வேண்டுமானால் இங்கேயே பத்திரத்தோடு வளர்த்தவர்களிடம் ஒன்றிரண்டு வாங்குவது. அதற்கு மருமகனும் உடன்பட்டான், முகத்தை மட்டும் ஒரு கிழமை தூக்கி வைத்திருந்தான்.

பையன் பிறகு ஒருநாள் சீனி வாங்க வந்தான். பையைக் கேட்டேன். நுவரெலியாப் பாதையில் வாகனக்காரர்களுக்கு விற்க முயன்றதாகவும், பாதி விற்றதாகவும், மீதி வாடிப்போனதாகவும் சொன்னான். திரும்ப அந்தப் பக்கம் போகாதே என்றேன். "வேற வேல இருந்தா நான் ஏன் போறேன் மொதலாளி?" என்றான். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தும்புத்தூள் கழுவ வரச் சொன்னேன். மூன்று ஞாயிறு வந்தான், நாலாவது வாரம் கொழும்பில் ஒரு கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

சீட்டுக் காசில் அடித்த மேடையில் இப்போது நாற்பத்தெட்டு துண்டுகள் நட்டிருக்கிறோம். நேற்று ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று வேர் பிடித்திருக்கிறது.